வெயில் பாபாவின் வெள்ளை மணி

சூரியன் இத்தனை காலமும் ஓசியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தான். ஓசியில் கிடைப்பதற்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? அந்தக் குறையைத் தீர்க்க, பம்பாயில் செம்பூர் பக்கம் திலக் நகரில் ஒரு மொட்டை மாடி வாடகைக்கு எடுக்கப்பட்டது.

மாடிக்குச் சொந்தக்காரர் யாரோ ஒருவர். வெயிலுக்குச் சொந்தக்காரர் ஸ்ரீலஸ்ரீ கிரணானந்த பாபா. பக்தர்கள் வெயில் பாபா என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திலக் நகர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அவரைத் தேடி வந்தவர்கள்தான். விக்ரோலியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தேவ்நாரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வந்தார்கள். தாராவிக்காரர்கள் பஸ்ஸிலும் மாட்டுங்காக்காரர்கள் டாக்சியிலும் வந்தார்கள். 'மருந்து வேண்டாம், மாத்திரை வேண்டாம், கிரணம் போதும்!' என்று வழியெல்லாம் பேனர். தீரும் குறைகள் கீழே வரிசையாக இருந்தன: மூட்டுவலி, சர்க்கரை, முடி கொட்டுதல், கல்யாணத் தடை, விசா தாமதம். அயல்நாட்டுத் தூதரகங்களில் சூரியனுக்கு இவ்வளவு செல்வாக்கு இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

ஏற்பாடு கச்சிதம். இருட்டான மாடிப்படியில் வரிசையாக ஏற வேண்டும். நடுப்படியில் பிரதம சீடன் சாய்நாத் நிற்பான். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் சிவப்புக் கயிற்றில் கோத்த ஒரு மணியைக் கட்டி, அதன்மேல் ஒரு காவித் துணியைச் சுற்றிவிடுவான். பால் போல வெள்ளை மணி. எல்லோரும் மாடியில் உட்கார்ந்த பிறகு பாபா கையைத் தூக்குவார். துணியை எடுக்க வேண்டும். வெயில் பட்டதும் மணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்திரிப்பூ நிறத்துக்கு மாறும். "சூர்ய பகவான் ஏத்துக்கிட்டாரு! ஜோர்சே போலோ, உரக்கச் சொல்லுங்க, கிரணானந்தா!" என்று சாய்நாத் மைக்கில் கூவுவான். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் கண்ணீர் விடுவார்கள்.

சிலருக்கு மட்டும் மாறாது. அவர்கள் கையைப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொள்வார்கள். பாபா அவர்களைக் கனிவோடு பார்ப்பார். அது கிரண தோஷமாம். போன ஜென்மத்துப் பாவம் வெயிலை உள்ளே விடாமல் மறிக்கிறதாம். பரிகாரம் செய்தால் அடுத்த வாரம் வேறு மணி கிடைக்கும். பரிகாரம் ஓசியில் நடக்காது என்று சொல்லத் தேவையில்லை.

மணி மாறியவர்களுக்கு வேறு சிகிச்சை. சட்டையைக் கழற்றிவிட்டு மத்தியானம்வரை வெயிலில் உட்கார வேண்டும். தோல் சிவந்தால் தேஜஸ். எரிந்தால் பாவம் எரிகிறது. நாலு நாள் கழித்துத் தோல் உரிந்தால் கர்மா உரிகிறது. மாட்டுங்கா மார்க்கெட்டில் அந்த வருஷம் ஜனவரி மாசத்தில் கர்மா உரிந்த வழுக்கைத் தலைகள் நிறையத் தென்பட்டன. அவற்றில் ஒன்று ஜகந்நாதனுடையது.

ஜகந்நாதன் இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்கா. சர்வீஸில் இருந்தபோது செத்துப்போன ஆள் நேரில் வந்து 'நான் செத்துவிட்டேன்' என்று சொன்னாலும் சர்ட்டிஃபிகேட் கேட்டிருப்பார். அப்படிப்பட்டவர் பாபாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்கவில்லை. ஆபீஸில் வேலை செய்யும் மூளை வேறு, கோயில் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கும் மூளை வேறு போலிருக்கிறது.

அவர் மனைவி சுப்புலக்ஷ்மி டெலிபோன் இலாகாவில் புகார்ப் பிரிவில் இருந்தவள். காலையிலிருந்து மாலைவரை ஊராரின் வசவைக் கேட்டுக்கொண்டே கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். அதனால் அவளுக்கு யார் கத்தினாலும் பயம் வராது. சந்தேகம் மட்டும் உடனே வரும்.

கணவரைப் பாபாவிடம் தள்ளிவிட்டது எது என்று பார்த்தால், பாவம், டாக்டர்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வலி என்று போனபோது ரத்தத்தைச் சோதித்துவிட்டு, வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது, மாத்திரையும் சாப்பிடுங்கள், தினம் கொஞ்சம் வெயிலிலும் உட்காருங்கள் என்றார். ஜகந்நாதன் ஒழுங்கான மனிதர். ஒரு நாள் தவறாமல் வெயிலில் உட்கார்ந்தார். எங்கே? வீட்டு பால்கனியில். பம்பாய் பால்கனி என்றால் தெரியுமே, ஈ நுழைய முடியாதபடி ஸ்லைடிங் கண்ணாடி போட்டு அடைத்த அறை. மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, ஏசி வீணாகிறது என்று கண்ணாடிக்கு மேல் வெயில் தடுக்கும் ஃபிலிம் வேறு ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஈஸிசேரில் பனியனோடு உட்கார்ந்து ஜகந்நாதன் வெயில் காய்ந்தார். இதமாக இருந்தது. வெயிலே வந்துவிட்ட பிறகு மாத்திரை எதற்கு என்று அதை நிறுத்தியும் விட்டார். வருஷக் கடைசியில் ரத்தத்தைச் சோதித்தால் வைட்டமின் இருந்த இடத்திலேயே இருந்தது.

"டாக்டர் சொன்னபடி ஒரு வருஷம் உக்காந்தேன். ஏறலை. அப்போ டாக்டருக்கு ஒண்ணும் தெரியலைன்னுதானே அர்த்தம்?" என்றார்.

அந்தக் கோபத்தோடு போனவருக்குப் பாபாவின் மாடியில் முதல் வாரமே மணி மாறிவிட்டது. அன்று பிடித்த பைத்தியம்தான்.

அது தோல் உரிவதோடு நின்றிருந்தால் சுப்புலக்ஷ்மி தேங்காயெண்ணெய் தடவிவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். ஆனால் பாபா அடுத்த படிக்கு ஏற்றினார். தேர்ந்தெடுத்த சீடர்கள் தினம் காலையில் சூரியனை வெறுங்கண்ணால் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். ரத சப்தமியன்று, அது ஞாயிற்றுக்கிழமையாகவே வாய்த்திருந்தது, உச்சி வெயிலைக் கண் கொட்டாமல் பார்க்கும் நேத்ர தீட்சை. முதல் சீடராக ஜகந்நாதன் பெயரை மைக்கில் அறிவித்துவிட்டார்கள். பென்ஷன்காரர், இங்கிலீஷ் பேசுவார், நாலு இடத்தில் சொல்வார். பாபா ஆளைப் பார்த்துத்தான் அருள் செய்வார்.

ஒரு நாள் காலையில் ஜகந்நாதன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தலையைப் பக்கவாட்டில் சாய்த்து சாய்த்துப் பார்த்தார்.

"என்ன தேடறேள்?"

"ஒண்ணுமில்லை. நடுவுல ரெண்டு எழுத்து மறையறது. எங்க பார்த்தாலும் ஒரு கறுப்பு மச்சம் கூடவே வரது. பாபா சொல்லியிருக்கார், அது உள்கண் திறக்கற அடையாளமாக்கும்."

சுப்புலக்ஷ்மி செருப்பை மாட்டிக்கொண்டாள். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே டாக்டர் வந்தனாவிடம் போனாள். வந்தனா கண் டாக்டர், பக்கத்துத் தெருவில் கிளினிக்.

"மாமி, இது சீரியஸ்," என்றார் டாக்டர். "கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு. அது சூரியனைக் குவிச்சு விழித்திரைல ஒரே புள்ளில விடும். நாம படிக்கிறது, முகம் பார்க்கிறது எல்லாம் அந்தப் புள்ளியாலதான். அங்க வலி தெரியாது. அதனால சுடறதே தெரியாது. இப்ப நிறுத்தினா பெரும்பாலும் சரியாகிடும். அந்த உச்சி வெயில் தீட்சையைப் பண்ணினா நான் எதுக்கும் உறுதி சொல்ல மாட்டேன். நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள். ஜகந்நாதன் சிரித்தார். வைட்டமினை ஏற்றத் தெரியாதவர்கள் உள்கண்ணைப் பற்றி என்ன கண்டார்கள் என்றார். சுப்புலக்ஷ்மி அழுதும் பார்த்தாள், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தாள். "ஒனக்கு இன்னும் பக்குவம் வரலை," என்று அவர் இரக்கப்பட்டார். நாற்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷர் கண்ணைக் கெடுத்துக்கொள்ளப் போகிறார், தன்னால் தடுக்க முடியவில்லை என்று அவளுக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தன.

ரத சப்தமிக்கு முந்தின ஞாயிறு அவளும் கூடப் போனாள். என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாமே. வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் பூமாரி. தாராவியில் இட்லி வியாபாரம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"எங்க கல்லிச் சந்துல வெயிலே விழாது மாமி," என்றாள். "ரெண்டு பக்கமும் மூணு மாடி, மேல தகரம், அதுக்கு மேல ப்ளாஸ்டிக்கு. பகல்லயே லைட்டு போட்டுத்தான் மாவரைக்கேன். காலெலும்பு குடைஞ்சு எடுக்கு. வெயிலு படணும், மாத்திரை தின்னணும்னு ஆஸ்பத்திரில சொன்னாவ. வெயிலுக்கு எங்க போவேன்? அதான் இங்க வாரேன். ஆனா எனக்கு மணியே மாற மாட்டேங்கு. மூணு பரிகாரம் செஞ்சாச்சு. காதுத் தோடும் போச்சு. அப்படி என்ன பாவத்தச் செஞ்சேன்னு ராத்திரியெல்லாம் யோசிக்கேன். ஒண்ணும் ஓர்மையில வரல்ல."

அன்றும் மாறவில்லை. பூமாரி முகத்தை மூடிக்கொண்டாள். சுப்புலக்ஷ்மிக்குப் பாபா மேல் அன்றுதான் சரியான கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

திங்கட்கிழமை ஜகந்நாதன் குளிக்கப் போகுமுன் மணியைக் கழற்றி, துவைத்த துணி வாளியின் மேல் வைத்துவிட்டுப் போனார். சுப்புலக்ஷ்மி கவனிக்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு தங்கள் கட்டடத்து மொட்டை மாடிக்குப் போய்த் துணி உலர்த்தினாள். திரும்பிப் பார்த்தால், கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய ஜகந்நாதனின் கோடு போட்ட அண்டர்வேரில் சிவப்புக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தது. அதில் மணி கத்திரிப்பூ நிறத்தில் ஜொலித்தது.

சூரிய பகவான் அண்டர்வேரை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

சுப்புலக்ஷ்மி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். மணியைக் கீழே கொண்டுவந்தாள். வீட்டுக்குள் வந்ததும் மெல்ல வெள்ளையாகிவிட்டது. பால்கனியில் ஈஸிசேர் மேல், கண்ணாடி வழியாக நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தாள். வெள்ளையாகவே இருந்தது. ஸ்லைடிங்கைத் தள்ளித் திறந்தாள். உடனே நிறம் ஏறியது. மூடினாள், இறங்கியது. திறந்தாள், ஏறியது. கண்ணாடி வெளிச்சத்தை விடுகிறது, வேறு எதையோ விடுவதில்லை. டாக்டர் வந்தனாவுக்கு போன் போட்டுக் கேட்டாள்.

"புற ஊதாக் கதிர் மாமி. கண்ணுக்குத் தெரியாது. தோல்ல பட்டு வைட்டமின் டி உண்டாகறதும் அதாலதான், அளவு மீறினா தோல் பொசுங்கறதும் அதாலதான். வைட்டமினுக்கு வேண்டிய கதிரைச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துடும். ஃபிலிம் வேற ஒட்டியிருந்தா கேக்கவே வேண்டாம். அங்க்கிள் கண்ணாடிக்குப் பின்னாடியா உட்கார்ந்தார், ஒரு வருஷமா?" டாக்டரும் சிரித்தார்.

ஜகந்நாதன் குளித்துவிட்டு வந்ததும் அவள் எல்லாவற்றையும் செய்தே காட்டினாள். அண்டர்வேர் கதையையும் சொன்னாள். அவர் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தார்.

"கேட்டயா சுப்பு, அது யாரோட அண்டர்வேர்?"

"ஒங்களுதுதான்."

"அதான் விஷயம்! என் ஆத்ம சக்தி துணிலயும் இறங்கியிருக்கு!"

சுப்புலக்ஷ்மி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாறிய மணியை வைத்துக்கொண்டு இவரோடு வாதாட முடியாது. கத்திரிக்காயில் கட்டி மாற்றிக் காட்டினால் கத்திரிக்காயும் போன ஜென்மத்து முனிவர் என்பார். மாறுகிற மணிக்கு ஆயிரம் அர்த்தம் சொல்லலாம். மாறாத மணிக்கு?

அங்கேதான் பழைய உத்தியோகம் கை கொடுத்தது. போன் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால், கோளாறு லைனிலா, போனிலா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு மந்திரம் வேண்டாம். நன்றாக வேலை செய்கிற இடத்தில் அந்த போனை மாட்டிப் பார்த்தால் போதும். பூமாரியின் மணி பூமாரியின் கையில் மாறவில்லை. சரி, கோளாறு பூமாரியிலா, மணியிலா? பாவமே இல்லாத ஒரு கையில் அதைக் கட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு கை திலக் நகரில் இருந்தது.

ரத சப்தமி வந்தது. ஜகந்நாதன் எருக்க இலையைத் தலையில் வைத்துக் குளித்தார், பட்டு வேஷ்டி கட்டினார். சுப்புலக்ஷ்மி மறுபேச்சுப் பேசாமல் கூடக் கிளம்பினாள். பக்குவம் வந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

மாடியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பாபா உயரமான ஆசனத்தில் வீற்றிருந்தார். சூரியன் சரியாக அவர் தலைக்குப் பின்னால் இருந்ததால், பார்த்தவர்களுக்கெல்லாம் ஒளிவட்டம் தெரிந்தது. பக்தர்கள் கண் கூசி அழுதார்கள். பாபா வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தார். துணிகள் அவிழ்ந்தன, மணிகள் மாறின. பூமாரிக்கு வழக்கம்போல வெள்ளை.

சுப்புலக்ஷ்மி கைகூப்பிக்கொண்டு எழுந்தாள்.

"பாபா, ஒரு சின்ன சந்தேகம். மணி மாறலேன்னா குத்தம் மணி மேலயா, மனுஷா மேலயா?"

பாபா புன்னகை செய்தார். சாய்நாத் மைக்கை அவர் வாயருகே பிடித்தான்.

"மணி பொய் சொல்லாது தாயே. மாறாத மணி, பாவத்துக்குச் சாட்சி."

"எல்லாருக்குமா பாபா?"

"ராஜாவாக இருந்தாலும் சரி, பிச்சைக்காரனாக இருந்தாலும் சரி. கிரணத்துக்கு முன் எல்லோரும் சமம்!"

கூட்டம் ஜே போட்டது. சுப்புலக்ஷ்மி பூமாரியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இவளுக்கு நாலாவது மணி பாபா, மாறவே இல்லை. பாவம், காதுத் தோட்டைக்கூடக் கழட்டி இங்க குடுத்துட்டா. ஒங்களைவிடப் புண்ணியவான் இந்த லோகத்துல யாரு இருக்கா? இவளோட மணியை ஒரு நிமிஷம் ஒங்க கையில கட்டிக்கோங்கோ. ஒங்க கையில அது மாறட்டும். அந்தப் புண்ணியத்தோட திருப்பி இவளுக்குக் கட்டிடலாம்."

"நான்... மணி அணிவதில்லை தாயே."

இங்கேதான் பாபா எதிர்பாராதது நடந்தது. அவரைக் கைவிட்டது நாத்திகர்கள் அல்ல, பக்தர்கள். "கட்டிக்குங்க பாபா!" என்று விக்ரோலி எழுந்தது. "கர் தோ பாபா!" என்று தேவ்நார் எழுந்தது. ஒரு ஏழையின் பாவம் தீரப்போகிறது என்ற பரவசத்தில் மாடியே அவர் காலில் விழுந்தது. பூமாரி கண்ணீர் வழிய தன் கயிற்றை அவிழ்த்துப் பாபாவின் மணிக்கட்டில் பக்தியோடு முடிச்சுப் போட்டாள். வெயில் நேரே மணிமேல் விழும்படி அவர் கையைத் தூக்கியும் பிடித்தாள்.

மணி வெள்ளையாக இருந்தது.

பஜனை பாடினார்கள். வெள்ளையாகவே இருந்தது. "தோடா டைம் லகேகா, கொஞ்சம் டைம் ஆகும்," என்றான் சாய்நாத். மற்றவர்களுக்கு ஒரு மூச்சு விடும் நேரத்தில் மாறிய மணி பாபாவுக்கு மட்டும் ஏன் யோசிக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. பஜனை சுருதி இறங்கி நின்றே போயிற்று.

முதலில் வாயைத் திறந்தது பூமாரிதான். அவள் குரலில் கேலி துளிகூட இல்லை, உண்மையான பதற்றம்தான் இருந்தது.

"ஐயையோ, சாமி! ஒங்களுக்கும் கிரண தோஷமா? அப்ப நீங்களும் மூணு பரிகாரம் செய்யணும்லா?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாவியது. சுப்புலக்ஷ்மி தன் கணவரின் கையிலிருந்த மணியை அவிழ்த்து, உள்ளங்கையில் பொத்தி, அது வெள்ளையான பிறகு பூமாரிக்குக் கட்டினாள். வெயில் பட்டதும் கத்திரிப்பூவாக மலர்ந்தது. பூமாரி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாவம் ஒன்கிட்ட இல்லைடி பொண்ணே," என்றாள் சுப்புலக்ஷ்மி. "கோளாறு மணியில. மாறற மணி ஒரு ரகம், மாறாத மணி ஒரு ரகம். யாருக்கு எதுன்னு படிக்கட்டு இருட்டுல வெச்சு இவா தீர்மானிக்கறா. அந்த மாறற மணிக்கு ஆத்மாவும் வேண்டாம், கத்திரிக்காயும் வேண்டாம். எங்காத்துக் கொடியில இவரோட அண்டர்வேர்லயே மாறித்து!"

மாடி அதிர்ந்தது. ஜகந்நாதன் காது மடல்வரை சிவந்தார். அது தேஜஸ் இல்லை. பூமாரி சாய்நாத்தின் தோள்பையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே இரண்டு டப்பா. இரண்டிலும் வெள்ளை மணி. அவள் இரண்டையும் வெயிலில் கொட்டினாள். ஒரு குவியல் நிறம் மாறியது. இன்னொரு குவியல் மாறவே இல்லை.

பாபா லேசுப்பட்டவர் அல்ல. எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"மணி குழந்தைகளுக்கு! ஞானிகளுக்கு நேத்ர தீட்சை! நிந்தனை செய்தவர்கள் வாய் அடைக்க இப்போதே காட்டுகிறேன். ஜகந்நாதா, வா! சூரியனைப் பார்!"

ஜகந்நாதன் எழுந்தார். சுப்புலக்ஷ்மியால் நம்ப முடியவில்லை. இத்தனைக்குப் பிறகுமா? மனிதர் தீட்சைக்காகப் போட்டிருந்த பலகைமேல் ஏறி நின்றார், முகத்தை மேலே தூக்கினார். அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"வேண்டாம்னா! ஒங்க கண்ணு எனக்கும்தான் வேணும்!" என்று கத்தினாள்.

அந்தக் குரலில் ஜகந்நாதன் கண்ணை இறக்கினார். மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தின் நடுவில் அந்தக் கறுப்பு மச்சம் வந்து உட்கார்ந்தது. மூக்கு தெரியவில்லை, கண்ணீர் வழிந்த கண் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு தோடு மட்டும் தெரிந்தது. அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பயம் வந்ததும், செருப்போடு கழற்றி வைத்திருந்த ஆபீஸ் மூளையும் மெல்லத் திரும்பி வந்தது.

"பாபா," என்றார். "எங்க ஆபீஸ்ல மேலதிகாரி கையெழுத்துப் போடாத ஃபைல்ல நான் போடறதில்லை. அது ரூல். நீங்க முதல்ல பாருங்கோ. அப்பறம் நான்."

"நான் தினமும் பார்க்கிறேனே!"

"எப்போ? எப்போதும் முதுகைன்னா காட்டிண்டு உக்காந்திருக்கேள். இப்படித் திரும்புங்கோ."

கூட்டம் முழுவதும் பாபா பக்கம் திரும்பியது. வேறு வழியில்லை. கிரணானந்தா திரும்பினார். தலையை நிமிர்த்தினார். உச்சி வெயில் முகத்தில் அறைந்தது. இரண்டு கண்ணும் தாமாக இறுக மூடிக்கொண்டன, கை தானாகப் போய் நெற்றியில் குடை பிடித்தது. மூக்கில் நீர் வழிந்தது. அவர் அப்படித் தவிப்பதைப் பார்த்த சாய்நாத், பழக்க தோஷத்தில், இடுப்பிலிருந்து கறுப்புக் கூலிங் கிளாஸை எடுத்துப் பவ்யமாக நீட்டினான்.

பாபாவும் பழக்க தோஷத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் அந்த மாடியில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. பாபா காவியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, கூலிங் கிளாஸோடு இருட்டுப் படியில் இறங்கி, இரண்டு மூன்று இடங்களில் முட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். முழங்கால் வலிக்குச் சிகிச்சை செய்தவர் நன்றாகவே ஓடினார். தெருமுனையில் பிடித்து நிறுத்தினார்கள். சாய்நாத் ஓடவில்லை. பூமாரி அவன் சட்டையைப் பிடித்திருந்தாள். "பேபி பர்த்டேல குடுப்பாங்களே, ரிட்டர்ன் கிஃப்ட், பிரேஸ்லெட்... அந்த மணிதான் ஆண்ட்டி. ஹோல்சேல்ல வாங்கறது. மாறாதது சாதா ப்ளாஸ்டிக்," என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். பூமாரி தன் தோட்டைக் கையோடு திரும்பக் கேட்டாள். போலீஸ் வந்த பிறகு கேட்டது கிடைத்தது.

மறுநாள் ஜகந்நாதன் தானாகவே டாக்டர் வந்தனாவிடம் போனார். நல்ல வேளை, தழும்பு ஆழமில்லை என்றார் டாக்டர். மாசங்கள் ஆகும், பொறுமை வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்குள் மச்சம் வெளிறி, பேப்பரில் நடு எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார். காலையில் கட்டடத்து மாடியில் கையும் காலும் வெயிலில் படக் கொஞ்ச நேரம் நடக்கிறார். தோல் சூடானால் நிழலுக்கு வந்துவிடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. பூமாரியும் மாத்திரை சாப்பிடுகிறாள். இட்லிக் கடையைக் கல்லிக்கு வெளியே, வெயில் விழும் ரோட்டோரமாக நகர்த்திவிட்டாள். கால் குடைச்சல் பாதி குறைந்திருக்கிறது.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிறு காலை மாட்டுங்கா வீட்டில் மணி அடித்தது. ஜகந்நாதன் கதவைத் திறந்தார். திலக் நகரிலிருந்து ஆறேழு பேர் தட்டில் தேங்காய், பழம், ரோஜா மாலையோடு நின்றார்கள். முன்னால் நின்றவர் பயபக்தியோடு எட்டிப் பார்த்தார்.

"மாமி இருக்காங்களா சார்? பாபாவையே தோற்கடிச்ச சக்தி! ஒரே ஒரு தரிசனம் போதும். அவங்க கையால ஒரு மணி மந்திரிச்சுக் குடுத்தா..."

உள்ளே சுப்புலக்ஷ்மி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததும் கத்தியோடு எழுந்தாள். ஜகந்நாதன் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். இந்த ஃபைலை அவரே பார்த்துக்கொள்வார்.

"மாமி தரிசனம் தரமாட்டா," என்றார். "கேள்வி ஏதாவது இருந்தா உள்ளே வாங்கோ, காபி சாப்பிட்டுண்டே பேசலாம். இல்லேன்னா, ஸ்டேஷன்வரைக்கும் யோசிச்சுண்டே போங்கோ. ஒரு கேள்வியாவது தோணினா திரும்பி வாங்கோ. தோணவே இல்லேன்னா, அடுத்த பாபா ஒங்களுக்காகத்தான் மாடி தேடிண்டிருக்கார்."